இருபது வாரம் என்றால் ஐந்தாம் மாதமா, ஆறாம் மாதமா?

ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது: "எனக்குக் கடைசியாக மாதவிடாய் வந்தது ஜனவரி 10. ஜூன் 5 அன்று ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டில் 20 வாரம் 6 நாள் என்று இருக்கிறது. அம்மா ஐந்தாம் மாதம் என்கிறார். செல்போனில் இருக்கும் ஆப் ஆறாம் மாதம் என்கிறது. கணவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, நாலரை மாதம்கூட ஆகவில்லையே என்கிறார். யார் சொல்வது சரி? குழந்தையின் வளர்ச்சியில் ஏதாவது கோளாறா?"

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். இந்தக் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராததால் குழந்தைக்குக் கோளாறு என்று ஆகிவிடாது. ஜனவரி 10-லிருந்து ஜூன் 5 வரை சரியாக 146 நாள். அதை ஏழால் வகுத்தால் 20 வாரம் 6 நாள். ரிப்போர்ட்டும் உங்கள் தேதியும் அப்படியே பொருந்துகின்றன, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அம்மா, ஆப், கணவர் மூவரும்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம், எதை ஒரு மாதம் என்கிறோம், நடக்கிற மாதத்தைச் சொல்கிறோமா முடிந்த மாதத்தைச் சொல்கிறோமா என்ற மூன்று இடங்களில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளின் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். இந்த மூன்றும் புரியாமல் கண்கலங்கி நின்றவர்களை நிறையப் பார்த்திருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டாக்டர்கள் எண்ணத் தொடங்குவது கரு உண்டான நாளிலிருந்து இல்லை. கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. ரிப்போர்ட்டில் எல்.எம்.பி. என்று போட்டிருப்பது அந்தத் தேதியைத்தான். கருமுட்டை எந்த நாளில் வெளிவந்தது, எந்த நேரத்தில் விந்தணுவோடு சேர்ந்தது என்பது யாருக்கும் தெரியாமல் உடலுக்குள்ளே நடக்கிற காரியம். ரத்தப்போக்கு தொடங்கிய நாளோ பெண்ணுக்குக் கண்ணால் தெரிந்த நாள். அதனால் தெரிந்த நாளைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறோம். 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குக் கருமுட்டை ஏறத்தாழ 14-ஆம் நாள் வெளிவரும். ஆக, டாக்டர் சொல்லும் முதல் இரண்டு வாரத்தில் கர்ப்பமே கிடையாது! நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே சோதித்துப் பார்த்து இரண்டு கோடு தெரிகிற அன்றைக்கே கணக்குப்படி 4 வாரம் ஆகியிருக்கும். கருவுக்கு உண்மையான வயது அப்போது இரண்டு வாரம்தான்.

இந்த இரண்டு வார வித்தியாசம் சில குடும்பங்களில் எவ்வளவு பெரிய காயத்தை உண்டாக்குகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். வெளியூர் வேலையிலிருந்து மார்ச் 1 அன்று கணவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்குக் கடைசி மாதவிடாய் பிப்ரவரி 22. ஏப்ரல் 12 அன்று ஸ்கேன் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் 7 வாரம் என்கிறது. கணவர் வந்து 6 வாரம்தானே ஆகிறது! இப்படியொரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்கவும் முடியாமல், உள்ளே வரவும் முடியாமல் வாசலிலேயே நின்றிருந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு தாளில் நாள்காட்டி மாதிரி கட்டம் போட்டுக் காட்டினேன். பிப்ரவரி 22-இல் ரத்தப்போக்கு. மார்ச் 8-ஐ ஒட்டிக் கரு உண்டாகிறது. ஏப்ரல் 12 அன்று கருவின் வயது 5 வாரம். அதோடு டாக்டர்கள் கூட்டிக்கொள்ளும் 2 வாரம் சேர்ந்து 7. கட்டங்களை அவரே விரலால் தொட்டு இரண்டு முறை எண்ணினார். அப்புறம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். கல்யாணத் தேதியை வைத்து எண்ணினாலும் இதே குழப்பம் வரும். கல்யாணமாகி 4 வாரத்தில் '6 வாரக் கர்ப்பம்' என்று வருவது முற்றிலும் இயல்பு. தயவுசெய்து இதை வைத்து எந்தப் பெண்ணையும் சந்தேகப்படாதீர்கள்.

உங்கள் கணவருடைய கணக்கும் இதுதான். கரு உண்டாகியிருக்கக்கூடிய ஜனவரி 24-லிருந்து அவர் எண்ணியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் ஜூன் 5 அன்று 4 மாதம் 12 நாள். குழந்தையின் வயது என்ற முறையில் அது சரி. ஆனால் மருத்துவமனையில் அந்தக் கணக்கு நடக்காது.

இரண்டாவது சிக்கல், வாரத்தை மாதமாக்குவது. ஒரு மாதத்துக்கு நாலு வாரம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோம். நாலு வாரம் என்பது 28 நாள். அப்படி ஒரே ஒரு மாதம்தான் இருக்கிறது, அதுவும் லீப் வருடம் இல்லாத பிப்ரவரி. மற்ற மாதங்களில் இரண்டு மூன்று நாள் மிச்சம் விழும். ஒன்பது மாதத்தில் அந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து மூன்று வாரமாகிவிடுகிறது. அதனால்தான் முழுக் கர்ப்ப காலமான 40 வாரத்தை நாலால் வகுத்தால் 10 மாதம் வருகிறது. நாள்காட்டியைப் பார்த்தால் 9 மாதமும் ஒரு வாரமும்தான் வருகிறது. உங்கள் ஆப் நாலால் வகுக்கிற ரகம். 20 வாரம் முடிந்துவிட்டது, ஆகவே ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கிறது என்கிறது. அம்மா நாள்காட்டி மாதத்தை எண்ணுகிறார். ஜனவரி 10-லிருந்து மே 10 வரை நாலு மாதம் முடிந்தது, ஐந்தாவது ஜூன் 10 வரை நடக்கும் என்கிறார். என்னைக் கேட்டால் அம்மாவின் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மாதம் என்று சொன்னால் அது நாள்காட்டியில் இருக்கிற மாதமாக இருப்பதுதான் முறை.

நாலால் வகுப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: 13. மூன்று மாதத்துக்கு 13 வாரம். ஆகவே 13 வாரம் முடிந்தால் 3 மாதம், 26 முடிந்தால் 6 மாதம், 39 முடிந்தால் 9 மாதம். இந்த மூன்று முளைகளையும் அடித்துக்கொண்டால் நடுவில் உள்ளதை எளிதாகக் கட்டிவிடலாம். ஒரு மாதத்தின் சராசரி நீளமான 30 நாளும் கொஞ்சமும் என்பதை வைத்துப் போட்டால் இப்படி வரும்:

1 மாதம் முடிவது 4 வாரம் 2 நாளில்
2 மாதம், 8 வாரம் 5 நாளில்
3 மாதம், 13 வாரத்தில்
4 மாதம், 17 வாரம் 3 நாளில்
5 மாதம், 21 வாரம் 5 நாளில்
6 மாதம், 26 வாரத்தில்
7 மாதம், 30 வாரம் 3 நாளில்
8 மாதம், 34 வாரம் 6 நாளில்
9 மாதம், 39 வாரத்தில்

எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு நாள் இரண்டு நாள் முன்பின் ஆகும். புத்தகங்களில் வரும் அட்டவணைகள் இதை முழு வாரமாக்கி, இரண்டாம் மாதம் 5 முதல் 8 வாரம், மூன்றாம் மாதம் 9 முதல் 13 வாரம் என்று போடும். ஒரு புத்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒரு வாரம் வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் இந்த முழுமையாக்கல்தான்.

மூன்றாவது, நடப்பதும் முடிந்ததும். இது பேச்சு வழக்கில் வரும் குழப்பம். 'எத்தனை மாசம்?' என்று கேட்டால் பெரியவர்கள் நடக்கிற மாதத்தைச் சொல்வார்கள். மருத்துவத்தில் முடிந்த வாரத்தைச் சொல்வார்கள். முதல் பிறந்தநாள் தாண்டி மூன்று மாதமான குழந்தைக்கு ஒரு வயது என்கிறோம், இரண்டாவது வயது நடக்கிறது என்றும் சொல்கிறோம், அது மாதிரி. ரிப்போர்ட்டில் 20+6 என்று இருந்தால் 20 வாரம் முடிந்து 6 நாள். அப்போது நடப்பது 21-ஆவது வாரம். சில ஆப்கள் பெரிய எழுத்தில் '21-ஆவது வாரம்' என்று காட்டும். ஸ்கேன் 20 என்கிறதே, குழந்தை ஒரு வாரம் பின்தங்கிவிட்டதோ என்று பதறி ஓடி வருவார்கள். இரண்டும் ஒரே நாள்தான்.

பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோமே, அது என்ன கணக்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 40 வாரம் என்பது 280 நாள். அதை 28 நாள் கொண்ட மாதவிடாய்ச் சுழற்சியால் வகுத்துப் பாருங்கள், துல்லியமாகப் பத்து. அதாவது பத்துச் சுழற்சி நேரம். இன்னொரு வழியிலும் பார்க்கலாம். 9 மாதம் முடிந்து ஏழாம் நாள் பிரசவ தேதி வருகிறது என்றால் அன்றைக்கு நடப்பது பத்தாவது மாதம். எப்படி எண்ணினாலும் அந்தப் பழைய சொல்லில் பிழையில்லை.

பிரசவ தேதியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 9 மாதத்தையும் 7 நாளையும் கூட்டுங்கள். உங்களுக்கு ஜனவரி 10-உடன் 9 மாதம் கூட்டினால் அக்டோபர் 10, மேலும் 7 நாள், அக்டோபர் 17. இந்த முறைக்கு நேகலே விதி என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் இருந்த ஃபிரான்ஸ் நேகலே என்ற மகப்பேறு மருத்துவரின் பெயர் அது. மருத்துவமனைகளில் இரண்டு வட்ட அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருப்புவார்களே, அதுவும் இதே கணக்குதான். வெளி வட்டத்தில் தேதிகள், உள் வட்டத்தில் வாரங்கள். அம்புக்குறியை மாதவிடாய்த் தேதியில் வைத்தால் 40-க்கு நேரே பிரசவ தேதி வந்து நிற்கும். அந்தச் சக்கரம் ஒரு நாள் இரண்டு நாள் பிசகும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சொன்ன தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான் இருக்கும். அந்தத் தேதியைச் சுற்றியுள்ள சில வாரங்களில் என்றைக்கு வேண்டுமானாலும் வலி வரலாம்.

இத்தனை கணக்கும் 28 நாள் சுழற்சியை நம்பி நிற்கிறது. 35 நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் வருகிறவருக்குக் கருமுட்டை 21-ஆம் நாளை ஒட்டித்தான் வெளிவரும், அதனால் பிரசவ தேதியும் ஒரு வாரம் தள்ளிப்போகும். ஒழுங்கே இல்லாமல் வருகிறவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்தியவுடன் கருத்தரித்தவர்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே முழுகாமல் ஆனவர்கள், தேதியே நினைவில் இல்லாதவர்கள் எல்லாருக்கும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் கைகொடுக்கும். அதில் குழந்தையின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை நீளத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். சி.ஆர்.எல். என்று போட்டிருக்கும். அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அப்பா உயரமா, அம்மா குட்டையா என்பதெல்லாம் அப்போது எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் ஐந்து முதல் ஏழு நாள் பிழைக்குள் வயதைச் சொல்லிவிட முடிகிறது. மாதவிடாய்த் தேதியோடு இது அதைவிட அதிகமாக முரண்பட்டால், டாக்டர் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வார். சோதனைக் குழாய் முறையில் கருத்தரித்தவர்களுக்கு இந்தச் சந்தேகமே கிடையாது. ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்திருந்தால், வைத்த நாளோடு 261 நாளைக் கூட்டினால் போதும், பிரசவ தேதி வந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் ஸ்கேனை வைத்துத் தேதி உறுதியான பிறகு, பிந்தைய ஸ்கேன்களுக்காக அதை மாற்றக் கூடாது. 32 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் மெஷின் தன் போக்கில் '30 வாரம்' என்று காட்டி, புதிதாக ஒரு பிரசவ தேதியையும் அச்சடித்துத் தரும். தேதி இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அதற்கு அர்த்தம் அதுவல்ல. குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகள் சராசரி 30 வாரக் குழந்தையின் அளவில் இருக்கின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு குழந்தையும் தன் வாகுக்கு ஏற்ப வளரும். கடைசி மூன்று மாதத்தில் ஸ்கேனை மட்டும் வைத்து வயதைச் சொன்னால் மூன்று வாரம் வரைகூடப் பிசகலாம். குழந்தை இயல்பாகவே சின்னதாக இருக்கலாம், வளர்ச்சி குறைந்தும் இருக்கலாம். எது என்று டாக்டர் பார்க்க வேண்டும். தேதியை மாற்றிவிட்டால் கவனிக்க வேண்டிய ஒரு குழந்தை கணக்கிலிருந்தே மறைந்துவிடும். ஆகவே முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். போகிற இடமெல்லாம் கையோடு கொண்டுபோங்கள்.

ஸ்கேன் இல்லாமலேயே கைக்கு எட்டுகிற ஓர் அளவும் உண்டு. உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு டேப்பால் அளந்திருப்பார்களே, அது கருப்பையின் உயரம். 12 வாரத்தில் கருப்பை இடுப்பெலும்புக்கு மேலே லேசாகத் தட்டுப்படும். 20 வாரத்தில் தொப்புளை எட்டும். அதிலிருந்து ஏறக்குறைய 36 வாரம் வரை எத்தனை வாரமோ அத்தனை சென்டிமீட்டர், இரண்டு முன்பின். 28 வாரக் கர்ப்பிணியின் வயிற்றில் டேப்பை வைத்து 28 என்று படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு தீர்ந்ததில்லை.

'மாதமாகச் சொன்னால் என்ன, வாரமாகச் சொன்னால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் பேசும்போது எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை. மருத்துவத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வாசல் உண்டு, குறிப்பிட்ட வாரத்தில்தான் அது திறந்திருக்கும். குழந்தையின் கழுத்துப் பின்புறத் திரவத்தை அளக்கும் ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான். மூன்று மாதம் முடியட்டும் என்று நாள் தள்ளினால் 14 ஆகிவிடும், பிறகு அதைச் செய்ய முடியாது. உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன் பொதுவாக 18 முதல் 22 வாரத்துக்குள். உங்களுக்கு ஜூன் 5 அன்று எடுத்தது அதுவாகத்தான் இருக்கும். கர்ப்ப கால சர்க்கரைக்கான சோதனை 24 முதல் 28 வாரத்துக்குள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரசவத்தை ஒட்டிய வாரங்கள். ஒன்பதை நாலால் பெருக்கி, 36 வாரமானால் ஒன்பது மாதம் ஆகிவிட்டது, நிறைமாதம்தான் என்று நினைப்பவர்கள் ஏராளம். 36 வாரத்தில் நாள்காட்டிப்படி 8 மாதம்தான் முடிந்திருக்கும். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் அது குறைப்பிரசவம். 37, 38 வாரங்களில் பிறக்கும் குழந்தைகளைக்கூட இப்போது முழு நிறைமாதக் கணக்கில் வைப்பதில்லை. 39 வாரம் முடிந்த பிறகுதான் முழு நிறைமாதம். நுரையீரல், மூளை, பால் குடிக்கிற திறன், உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளும் கொழுப்பு எல்லாம் அந்தக் கடைசி வாரங்களில்தான் தேறுகின்றன. மருத்துவக் காரணம் ஏதும் இல்லாமல், நல்ல நாள் பார்த்தோ வசதி பார்த்தோ இரண்டு வாரம் முன்னதாக எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், 'இன்று எத்தனை வாரம் எத்தனை நாள்?' என்று வாய்திறந்து கேளுங்கள். தாய்க்கு ரத்த அழுத்தம், குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம், அப்போது தயங்கவே கூடாது.

ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பழங்கால கிரேக்க மருத்துவர்களும் இதையே நம்பினார்கள். அது உண்மை இல்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். 30 வாரக் குழந்தையைவிட 34 வாரக் குழந்தை நிச்சயம் தேறியிருக்கும். எட்டாம் மாதத்தில் இருப்பவர்களை இப்படிச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

மும்மாதக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13 வாரம் 6 நாள் வரை முதல் பகுதி, 14 முதல் 27 வாரம் 6 நாள் வரை இரண்டாவது, 28-லிருந்து மூன்றாவது.

இப்போது உங்கள் தேதிகளுக்கு வருவோம். ஜனவரி 10-ஐ வைத்து, பிப்ரவரிக்கு 28 நாள் என்று கொண்டு போட்டிருக்கிறேன். ஜூன் 10 அன்று 5 மாதம் முடிந்து ஆறாவது தொடங்கும். ஜூன் 27 அன்று 24 வாரம், சர்க்கரைச் சோதனைக்கு அன்றிலிருந்து நாள் கேளுங்கள். ஜூலை 25 அன்று 28 வாரம். செப்டம்பர் 26 அன்று 37 வாரம் முடிகிறது, அதற்கு முன் வலியோ, நீர்க்கசிவோ, ரத்தப்போக்கோ தெரிந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 37 வாரத்துக்குப் பிறகும் இவை தெரிந்தால் போகத்தான் வேண்டும். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், எந்த வாரமானாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். அக்டோபர் 10 அன்று 9 மாதமும் 39 வாரமும் ஒரே நாளில் முடிகின்றன. அக்டோபர் 17 பிரசவ தேதி. அக்டோபர் 24 வரை வலி வராவிட்டால் 41 வாரம் ஆகிவிடும், வலியை வரவழைப்பது பற்றி டாக்டர் பேசுவார். உங்கள் முதல் மூன்று மாத ஸ்கேனில் வேறு பிரசவ தேதி உறுதி செய்யப்பட்டிருந்தால், இந்த எல்லாத் தேதிகளையும் அதே அளவு நாள் நகர்த்திக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஐந்தாம் மாதம் என்று அவர் சொன்னது சரிதான்.